இடமில்லை என்ற பள்ளிக்கூடம்

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மனிதன் போடும் சபதங்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாய் நிறைய நுரை இருந்தால் எல்லாருக்கும் தைரியம் வரும். டொக்டொக் சாருக்கும் அன்று காலை வந்தது.

"இந்த வருஷம் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கிறது என் பொறுப்பு. தட்டிப் பார்ப்பேன், நோட்டம் விடுவேன், துளி சந்தேகம் இருந்தாலும் வேணாம்னுடுவேன். நீ இதுல தலையிடாதே" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "போன வருஷமும் இதே நுரையோடதான் சொன்னீங்க."

டொக்டொக் சார் என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. மெக்கானிக்குகள் வைத்தது. அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டு, எது நிஜமான சேதம், எது கட்டுக்கதை என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவர் வேலை. வண்டியை ஒரு சுற்று சுற்றுவார். விரல் முட்டியால் டொக் டொக் என்று தட்டுவார். ஒரு இடத்தில் ஒலி மந்தமானால் போதும், "இங்க பட்டி பூசி மறைச்சிருக்கீங்க" என்பார். மூன்று கோட் பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் நசுங்கல் அவர் முட்டியைக் கண்டால் தானே வெளியே வந்து சரணடையும் என்று பட்டறைகளில் பேச்சு.

தொழில் பட்டறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் வந்தது. தர்பூசணியைத் தட்டுவார், அது நியாயம். டாக்டரின் மேசையைத் தட்டுவார். புதிதாக அறிமுகமானவர் முதுகைத் தட்டுவார். அந்த மனிதர் அன்பு என்று நினைத்துக்கொள்வார், இவர் உள்ளே காலியா என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை துணிக்கடையில் பொம்மையைத் தட்டப் போய் அதன் தலை கழன்று உருண்டது. கடைக்காரர் பதறியபோது, "நான் வந்தப்பவே நினைச்சேன்" என்றாராம்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கை. புதுப் பெயிண்ட் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அடி பட்டிருக்கும்.

இந்தக் கொள்கையோடு ஒருவர் பள்ளிக்கூடம் தேடினால் என்ன ஆகும்? பள்ளிக்கூடம் திறக்கிற காலத்தில்தான் ஊரிலுள்ள எல்லாப் பள்ளிக்கூடமும் பெயிண்ட் அடிக்கும்.

வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். பெரியவள், அவளுக்குச் சில நிமிஷம் கழித்துப் பிறந்த சின்னவன். போன வருஷமே சேர்த்திருக்க வேண்டும். டொக்டொக் சார் ஒவ்வொரு பள்ளியாகத் தட்டிக்கொண்டே போனார். கடைசிப் பள்ளியைத் தட்டி முடித்தபோது சேர்க்கை முடிந்துவிட்டது. பிள்ளைகள் ஒரு வருஷம் முழுக்க வீட்டுச் சுவரில் படம் வரைந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் அவர் மனைவி. அந்தச் சுவரைத் துடைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

"ஏங்க," என்றாள் அன்று காலை, குரலை இறக்கி. "எதிர் வீட்டுக் குழந்தை அதுங்களைவிடச் சின்னது. அது பையை மாட்டிட்டுப் போகும்போது இதுங்க ரெண்டும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சிட்டு நிக்குது. இந்த வருஷமும் போச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"சும்மாத்தான் இரு. அதைத்தான் நானும் சொல்றேன்."

அவள் சும்மா இருந்தாள். அதுதான் அவருக்கு முதல் சந்தேகமாக வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பெற்றோராகப் போனால் பள்ளிக்கூடம் பல்லை இளிக்கும், உண்மை தெரியாது என்பது அவர் கணிப்பு. எனவே ஆபீஸில் கிடந்த காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர்களைச் சோதிக்க வந்தவராகப் போனார். சிலிண்டர் இருக்கிற இடமெல்லாம் போகலாம். சிலிண்டர் இல்லாத இடத்தில், ஏன் இல்லை என்று கேட்கப் போகலாம்.

முதல் பள்ளிக்கூடத்தில் சுவர் பளபளத்தது. தட்டினார். விரலில் பெயிண்ட் ஒட்டியது. வந்த வழியே திரும்பினார்.

இரண்டாவதில் ஒரு குழந்தையின் சத்தம்கூட இல்லை. "சத்தமே வராத எஞ்சின் நல்ல எஞ்சின் இல்லை, ஓடாத எஞ்சின்" என்று வீட்டில் வந்து அறிவித்தார்.

மூன்றாவதில் சத்தம் இருந்தது. "போல்ட் எல்லாம் லூஸு" என்றார்.

நான்காவதில் வாசலில் நின்ற ஒரு தாய், தானாகவே முன்வந்து, "ரொம்ப நல்ல பள்ளிக்கூடம் சார்" என்றாள். கேட்காமல் நல்லது சொல்கிறவளை யார் நிறுத்தி வைத்திருப்பார்கள்? அவள் பேருந்து ஏறும்வரை பின்னாலேயே போய்ப் பார்த்தார். அவள் ஏறியது பள்ளிக்கூட வண்டியில் இல்லை. அதனால் சந்தேகம் இன்னும் வலுத்தது. இவ்வளவு சாமர்த்தியமாகவா மறைப்பார்கள்?

இதற்குள் எல்லாப் பள்ளிகளும் திறந்து பாடம் ஆரம்பித்துவிட்டன. "நல்ல இடம்னா நடுவிலகூடச் சேர்த்துப்பாங்க" என்றார். மனைவி, "ஆமாமா" என்றாள். சண்டை போடவில்லை. காலையில் அவர் கிளம்பும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதி. முன்பெல்லாம், "இன்னும் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்பாள். இப்போது, "நேரமாச்சு, கிளம்புங்க" என்று பையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்குள் வேறு சில விஷயங்களும் நடந்தன. டொக்டொக் சாருக்குக் கண் இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தார்.

துணிக்கொடியில் குட்டிக் குட்டிப் பச்சைக் காலுறைகள் தொங்கின.

"இது யாருடையது?"

"எதிர் வீட்டுக் கொடியில இடம் இல்லையாம்."

"அந்த வீட்டுக் குழந்தைக்கு ரெண்டு கால்தானே. நாலு காலுறை தொங்குது."

"மாத்திக்க வேணாமா?"

அடுத்தது தையல் அக்கா. பக்கத்து வீட்டில் மிஷின் போட்டிருக்கிறவள். ஒரு சாயங்காலம் அவள் சின்னவனை ஸ்டூல் மேல் நிறுத்தி டேப்பால் அளந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கு அளக்கிறீங்கக்கா?"

"வளர்ந்திருக்கானான்னு பார்த்தேன் தம்பி."

"எவ்வளவு வளர்ந்திருக்கான்?"

"பள்ளிக்கூடம் போற அளவுக்கு வளர்ந்திருக்கான். உனக்குத்தான் கண்ணுக்குத் தெரியல."

"ஏதாவது பள்ளிக்கூடம் உங்களுக்குக் கமிஷன் தருதா?"

"தந்தா உன் வாய்க்கு ஒரு பட்டன் வாங்கி வெச்சுத் தைக்கலாம்னு பார்க்கிறேன்" என்று அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டாள்.

பிறகு சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. பெரியவள் தட்டின் முன்னாலிருந்து எழுந்து சுண்டு விரலை நீட்டினாள்.

"என்ன அது?"

"பாத்ரூம் போகணும்."

"போயேன். அதுக்கு ஏன் விரலைக் காட்டுறே?"

"காட்டினாத்தான் விடுவாங்க." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள். பெண் ஓடினாள். அவள் பின்னாலேயே சின்னவனும் விரலை நீட்டினான்.

டொக்டொக் சார் சோற்றில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். அன்று மனைவியின் தோள்பட்டையில் வெள்ளையாக ஏதோ தூள். மாவு என்று முடிவு கட்டினார். ஆனால் இந்த விரல் விவகாரத்தை அவரால் மாவில் சேர்க்க முடியவில்லை.

"புரிஞ்சிடுச்சு" என்றார் மெதுவாக.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன புரிஞ்சுது?"

"ஏதோ ஒரு பள்ளிக்கூடம் நம்ம பிள்ளைங்களை வளைச்சுப் பிடிக்கப் பார்க்குது. நான் வீட்ல இல்லாத நேரத்துல யாரோ ஒரு தரகர் வந்து பழக்கிட்டுப் போறான். காலுறை, அளவு, விரல், எல்லாம் ஒரே கும்பல்."

அவள் கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "உங்க கண்ணுல எதுவும் தப்பாதுங்க" என்றாள். ரசம் ஊற்றும்போது அவள் ஏன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள் என்று அவர் கேட்கவில்லை.

"இன்னும் எந்தப் பள்ளிக்கூடம் பாக்கி?" என்று கேட்டாள், சாதாரணமாக.

"எல்லாம் முடிஞ்சுது. தெருமுனையில அந்தப் பழைய ஓட்டுக் கட்டடம் ஒண்ணுதான்."

"அது வேணாங்க. அங்க நமக்கு இடம் தர மாட்டாங்க."

"ஏன் தர மாட்டாங்க?"

"அப்பாவைப் பார்த்துத்தான் பிள்ளையைச் சேர்ப்பாங்களாம். உங்களை அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஒரு பார்வை பார்த்தா, வேணாங்க, எதுக்கு வீண் அவமானம்."

டொக்டொக் சார் கை கழுவக்கூட மறந்தார். வேண்டாம் என்று சொல்கிற பள்ளிக்கூடம். பெயிண்ட் அடிக்காத பள்ளிக்கூடம். அவர் விரல் முட்டி அரிக்க ஆரம்பித்தது.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகிறவர் மாதிரிக் கிளம்பி, தெரு சுற்றி, காக்கிக் கோட்டோடு அங்கே போய் நின்றார். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. யாரும் அதை மறைக்க முயலவில்லை. தட்டினார். கட்டடம் கணீரென்றது. அவர் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் கலங்கியது.

உள்ளே தலைமை ஆசிரியை உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த மூக்குக்கண்ணாடி. சிரிக்கவில்லை.

"சிலிண்டர் பார்க்க வந்தேன்."

"எங்ககிட்ட சிலிண்டரே கிடையாது. வாளியில மணல் வெச்சிருக்கோம். நீங்க ஒரு அப்பா."

டொக்டொக் சார் குனிந்து தன் கோட்டைப் பார்த்துக்கொண்டார். "எப்படித் தெரியும்?"

"காக்கிக் கோட்டுக்குக் கீழ இஸ்திரி போட்ட பேன்ட். எனக்குப் பிள்ளைங்க மேல சந்தேகமே வராது. அப்பாக்கள் மேலதான் வரும்." அவர் மேசையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். "உட்காருங்க."

அந்தத் தட்டலில் டொக்டொக் சார் விழுந்துவிட்டார். தன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு ஜீவனை இந்தப் பூமியில் அவர் அதுவரை பார்த்ததில்லை.

"ரெட்டைப் பிள்ளைங்க மேடம். ரெண்டு இடம் வேணும்."

"இல்லை. ரெண்டுதான் இருந்தது. ஒரு அம்மா வந்து ரெண்டு பிள்ளைகளைச் சேர்த்துட்டாங்க."

"யாரு அவங்க? நல்லா விசாரிச்சீங்களா?"

"அம்மா தங்கமான பொண்ணு. வீட்டுக்காரர்தான் ஒரு மாதிரி. போன வருஷமே சேர்த்திருக்கணும், அந்த மனுஷனால ஒரு வருஷம் வீணாப் போச்சாம்."

"பாருங்க" என்றார் டொக்டொக் சார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "அப்படிப்பட்ட அப்பன் நாளைக்கு உங்களுக்குத் தலைவலி கொடுப்பான்."

"கொடுப்பாருன்னுதான் நானும் நினைக்கிறேன். பொண்ணு எந்தக் கையால எழுதும்னுகூட அவருக்குத் தெரியாதாம்."

"அடப்பாவி."

"உங்க பொண்ணு எந்தக் கையால எழுதும்?"

டொக்டொக் சார் வாயைத் திறந்தார். பார்வையிட்ட ஒவ்வொரு வண்டிக்கும் இடது விளக்கு விரிசலா, வலது விளக்கு விரிசலா என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். சுவரில் வரைகிற அந்தச் சின்னக் கை எது? நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தார். சுவர் வந்தது. படம் வந்தது. கை வரவில்லை.

"பையன் எதைக் கண்டா பயப்படுவான்?"

அவர் தரையைப் பார்த்தார். "இனிமே கவனிக்கிறேன் மேடம்" என்றார். இந்த ஒன்றை மட்டும் அவர் நுரை இல்லாமல் சொன்னார்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சேர்த்தா, தினமும் காலையில நீங்களே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். சாயங்காலம் அவங்க சொல்ற கதையை உட்கார்ந்து கேட்கணும். பள்ளிக்கூடத்துல எதையும் தட்டக் கூடாது."

"சத்தியமா மேடம். ஆனா இடம்?"

"அந்த ரெண்டு பிள்ளைகளையும் எழுப்பிட்டு உங்க பிள்ளைகளை உட்கார வெச்சுக்குங்க. எனக்கு ஆட்சேபணை இல்லை. நீங்களே போய் எழுப்புங்க. வராந்தாவுல கடைசிக் கதவு."

கொஞ்சம் மனச்சாட்சி இருக்கிற எவனும் தயங்கியிருப்பான். நம்மவரும் தயங்கினார், வராந்தாவின் பாதி வரைக்கும். பிறகு அந்த உருப்படாத அப்பனை நினைத்துக்கொண்டார். கோபம் வந்தது. தைரியமும் வந்தது. கடைசிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

முதல் வரிசையில் பச்சைக் காலுறை போட்ட நாலு கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. கால்களுக்கு மேலே பெரியவள், பக்கத்தில் சின்னவன். அவள் இடது கையில் பென்சில் இருந்தது.

"மிஸ், எங்க அப்பா" என்றாள் அவள், யாரோ காய்கறிக்காரர் வந்ததைச் சொல்வது மாதிரி.

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த மிஸ் திரும்பினாள். தோள்பட்டை நிறைய வெள்ளைத் தூள். அது மாவு இல்லை. காலையில் பையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிய அதே முகம், அதே அமைதி.

டொக்டொக் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வகுப்பு முழுவதும் எழுந்து நின்று ராகம் போட்டு வணக்கம் சொல்லி முடிக்கும்வரை அவருக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

அவர் மனைவி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உள்ள வர்றதுக்கு முன்னாடி கதவைத் தட்டணும்னு தெரியாதா சார்?"