மேக்னட்டோ அண்ணன் கையில் மிஞ்சியது

மலாக்கா பட்டணத்தில் மிஷினை அவிழ்க்கத் தெரிந்தவர்கள் நூறு பேர் இருந்திருக்கலாம். அவிழ்த்ததைத் திரும்பப் பூட்டும்போது கையில் நாலு சாமான் மிஞ்சினால், அது மிஷினைச் செய்தவனுடைய தவறு என்று மனதார நம்பியவர் ஒருவர்தான். அவர்தான் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, ஒரு தகரக் கொட்டகையில் குடியிருந்த மேக்னட்டோ அண்ணன்.

அவருடைய சொந்தப் பெயரை நான் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் மேக்னட்டோ. எஞ்சினுக்குள் தீப்பொறி உண்டாக்குகிற சாமானுக்கு அந்தப் பெயர். உலகத்தில் எது கெட்டாலும் அதுதான் காரணம் என்பது அவருடைய சித்தாந்தம். லாரி கிளம்பவில்லையா, மேக்னட்டோ. பக்கத்து வீட்டுக் குழந்தை பால் குடிக்கவில்லையா, சற்று யோசித்துவிட்டு, "அதுக்கும் உள்ள ஒரு மேக்னட்டோ இருக்குலா" என்பார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. யாருடைய மேக்னட்டோ என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவர் ஒரு பஸ் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு முறை ஒரு பஸ்ஸை முழுக்கப் பிரித்துப் பூட்டியபோது பிஸ்கட் டின் நிறையச் சாமான் மிஞ்சிவிட்டது. ஆனாலும் பஸ் ஓடியது. முன்பைவிட வேகமாகவே ஓடியது. அந்த வேகத்துக்குக் காரணம் பிரேக் பிடிக்காததுதான் என்று முதலாளி கண்டுபிடித்த அன்று அண்ணனுக்கு வேலை போயிற்று.

எங்கள் வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. மாமனார் சீராகக் கொடுத்தது. மணிக்கொரு தரம் கணீரென்று அடிக்கும். அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மீன்காரியின் கூடையைப் பூனை பார்ப்பது போல அதைப் பார்ப்பார். "கிராணி, இது கொஞ்சம் இழுக்குது. ஒரு நாள் குடுங்க, பாத்துத் தரேன்" என்பார். அப்போது நான் ஆபீசில் குமாஸ்தா. எங்கள் பக்கத்தில் குமாஸ்தாவைக் கிராணி என்பதுதான் வழக்கம். நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றுவேன். என் மனைவி அதற்கும் ஒரு படி மேல். அவர் வாசலில் தலையைக் காட்டினாலே ஓடிப்போய்க் கடிகாரத்தின் மேல் ஒரு கைலியைத் தொங்கவிட்டுவிடுவாள். தலையே போனாலும் கடிகாரத்தை அவர் கையில் கொடுப்பதில்லை என்று நாங்கள் இருவரும் சத்தியம் செய்துகொண்டிருந்தோம்.

இந்த நிலையில்தான் ஜப்பான்காரன் வந்தான். அரிசி மறைந்தது. எல்லாரும் மரவள்ளிக்கிழங்கு நட வேண்டும் என்று உத்தரவு. காஜா பெராங் ஓரத்தில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி விட்டுவிட்டு ஓடிய பங்களாவைப் பயிர் ஆபீஸாக மாற்றி, என்னை அங்கே எழுத உட்கார வைத்தார்கள். மேலே ஒரு ஜப்பான் அதிகாரி. அவரைக் கண்டால் இடுப்பு வரை குனிய வேண்டும். பயந்த சுபாவமுள்ள நான் அவர் இல்லாத நேரத்தில் அவருடைய நாற்காலிக்கும் குனிந்து வைப்பேன்.

ஒரு நாள் பட்டியல் வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். தம்பினுக்கும் மலாக்காவுக்கும் நடுவில் கிடந்த தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனவர்கள், மனிதர்களை விட்டுவைப்பார்களா. முன்னால் போனவர்கள் ஒருவரிடமிருந்தும் கடிதம் வரவில்லை. எங்கள் தெருவுக்கு எழுத வேண்டியவன் நான். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர்களை முதலில் எழுது என்றார்கள். முதல் பெயர் மேக்னட்டோ அண்ணன் பெயர். எழுதிவிட்டேன். எழுதிய பிறகு பேனா நகரவில்லை. என்ன நினைத்தேனோ தெரியாது, பெயருக்குப் பக்கத்தில், 'உழவு மிஷின் நிபுணர், உணவுப் பயிருக்கு மிகவும் அவசியம்' என்று சேர்த்துவிட்டேன்.

அதிகாரி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எங்கே உழவு மிஷின் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் விசாரித்தார். ஜன்னல் வழியாகக் குதிரை லாயத்தைக் காட்டினேன். நல்ல வேளையாக அங்கே ஒன்று இருந்தது. சீமாட்டி தோட்டம் உழுவதற்குக் கப்பலில் வரவழைத்த சின்ன டிராக்டர். இரண்டு இரும்புச் சக்கரம், ஒரே ஒரு சிலிண்டர், பின்னால் ஏர்க்காலைப் போல இரண்டு கைப்பிடி. பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். எட்டொன்பது வருஷமாகத் தொடுவாரில்லை. துருவுக்கு மேல் கொடி படர்ந்து, அதில் பூவும் பூத்திருந்தது.

அதிகாரி அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பத்து நாள் தவணை. ஓடினால் பெயரை அடித்துவிடலாம். ஓடாவிட்டால் நிபுணனும் லாரி ஏறுவான், பொய் எழுதிய கிராணியும் ஏறுவான். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். உத்தரவின் இரண்டாம் பாதியை அவளிடமும் சொல்லவில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை. அவர் பாரம் அவருக்குப் போதும் என்று நினைத்தேன்.

கொட்டகைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, மிஷின் எத்தனை வருஷமாக நிற்கிறது என்பது.

"அண்ணே, ஓடலைன்னா சயாம்" என்றேன்.

"அது கிடக்கட்டும் கிராணி. மேக்னட்டோ இருக்கா, எவனாச்சும் கழட்டிட்டானா?"

இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

புகைக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. சக்கரத்தடியில் யாருடைய கோழியோ அடை காத்தது. கோழி எழுந்திருக்கும் வரை பொறுக்கலாம் என்றார் அண்ணன்; நான்தான் தூக்கி அப்பால் வைத்தேன். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் போயிருந்தது. அதற்குத் தேங்காயெண்ணெய் ஊற்றி ஊறப்போட வேண்டுமாம். என் மனைவி தலைக்குக்கூட வைக்காமல் சேர்த்திருந்த கூப்பன் எண்ணெய் அத்தனையும் அந்த ஓட்டைக்குள் போயிற்று. தினமும் காலையில் அண்ணன் வந்து சிலிண்டரில் காதை வைத்து, "எந்திரிச்சிட்டியா" என்று கேட்பார். நாலாம் நாள் பிஸ்டன் ஒரு நூல் அசைந்தது.

பெட்ரோலுக்கு வழியில்லை. ரப்பர்ப் பாளங்களை ஒரு டிரம்மில் போட்டு மூடிக் கீழே நெருப்பு மூட்டினார். ஆவி குழாய் வழியாக வந்து குளிர்ந்து எண்ணெயாகச் சொட்டியது. எரியும், எஞ்சினும் ஓடும். அந்த நாற்றத்தில் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்தது. நாங்கள் கொசு இல்லாமல் தூங்கியது அந்த வாரம்தான்.

ஐந்தாம் நாள் உஜோங் பாசிரிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர், போர்த்துக்கீசிய வம்சத்துச் செரானி மீனவர், ஒரு கூடை கெராகோ என்கிற பொடி இறாலோடு வந்தார். இருவரும் லாயத்துக்குப் பின்னால் நின்று ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். விலை பேசுகிறார்கள் என்று நினைத்தேன். மீனவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். இறால் எங்கள் வீட்டுக்கு வந்தது.

இப்போது அண்ணனுடைய முறையைச் சொல்ல வேண்டும். பஸ் பட்டறை அவமானத்துக்குப் பிறகு, சாமான் மிஞ்சாமலிருக்க அவர் ஒன்று கண்டுபிடித்திருந்தார். நுனி இடப்பக்கம் வர ஒரு தலைவாழை இலையைப் போடுவார். முதலில் கழற்றியதை உப்பு வைக்கிற இடத்தில் வைப்பார். அடுத்தது ஊறுகாய், அப்புறம் கூட்டு, பொரியல். சிலிண்டருக்குச் சோற்றின் இடம். கடைசியில் பாயசத்தின் இடத்தில் மேக்னட்டோ. பூட்டும்போது பாயசத்தில் தொடங்கி உப்புக்கு வந்தால் மிஷின் தயார். பந்தி முறையை மறக்கிற தமிழன் உண்டா என்று என்னைக் கேட்டார். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

மேக்னட்டோவுக்குள் ஈரம் ஏறியிருந்ததால் அதைச் சூட்டில் காய வைக்க வேண்டியிருந்தது. கம்போங் செட்டியில் ஒரு அம்மாள் கரியடுப்பில் பலகாரம் சுட்டு விற்றுவந்தாள். செட்டிமார் நம் சாமிகளைக் கும்பிடுகிறவர்கள்தான். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். அடுப்பு தணிந்த பிறகு அந்த வெதுவெதுப்பில் மேக்னட்டோவை வைத்தெடுத்து, எட்டாம் நாள் அவளே ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு வந்தாள். அப்போது அண்ணன் குளிக்கப் போயிருந்தார். லாயத்தில் ஆள் இல்லை. தரையில் தலைவாழை இலை, அதில் வரிசையாகச் சாமான்கள், பக்கத்தில் கொசுவுக்கு மூட்டிய புகை. எதிரே செத்துப்போன மாதிரி மிஷின்.

நான் ஆபீசிலிருந்து வந்து பார்க்கும்போது இலை இல்லை. ஒரு மூட்டைதான் இருந்தது. அம்மாள் வருத்தமான முகத்தோடு பக்கத்தில் நின்றாள். அவர்கள் குடும்பத்தில் இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்துக் கும்பிடுவார்கள். மிஷின் இறந்துவிட்டது, அதற்குப் பிடித்ததை இவர் படைத்திருக்கிறார், இவர் போக்கே தனி என்று நினைத்திருக்கிறாள். தானும் ஒரு ஊதுபத்தி ஏற்றி, ஆத்மா சாப்பிடக் கொஞ்ச நேரம் விட்டு, பிறகு முறைப்படி இலையை மடித்து எடுத்து, அண்ணனுக்குச் சிரமம் வேண்டாமென்று வாழைநாரால் கட்டியும் வைத்துவிட்டாள்.

அண்ணன் ஈரத் தலையோடு வந்தார். மூட்டையை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"என்ன, சாப்பிட்டு முடிச்சிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான் நாளை எண்ணினேன், இன்னும் இரண்டுதான். அவரோ அம்மாளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, மேக்னட்டோவை முகர்ந்து பார்த்து, நல்ல பலகார வாசனை என்றார். பிறகு மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தார். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றால், "கிராணி, வீட்டுக்குப் போய் அவங்களைப் பாருங்க" என்று விரட்டினார்.

பத்தாம் நாள் காலையில் மிஷின் முழு உருவத்தோடு நின்றது. அண்ணன் என் கையில் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டை வைத்து அழுத்தினார். "இது எங்கேயும் உக்கார மாட்டேங்குது. பையில வச்சுக்குங்க. கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுங்க."

அதிகாரி வந்தார். குனிந்தோம். அண்ணன் கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். சத்தமில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு என் மனைவி முகம் ஞாபகம் வந்தது. மூன்றாம் முறை இழுத்தபோது ஒரு வெடி, கொஞ்சம் கரும்புகை, அப்புறம் படபடவென்று ஒரே சீரான ஓட்டம். கோழிகள் திசைக்கொன்றாக ஓடின. சக்கரம் மண்ணைக் கவ்வியது, கொழு இறங்கியது, மிஷின் புறப்பட்டது. அண்ணன் பின்னால் நடந்தார்.

ஒரு சால் ஓட்டிக் காட்டினால் போதும் என்றார் மொழிபெயர்ப்பாளர். அண்ணன் கேட்ட மாதிரி தெரியவில்லை. இரண்டாம் சால், மூன்றாம் சால். அதிகாரி கையை உயர்த்தினார். அண்ணன் நடந்துகொண்டே குனிந்து வணக்கம் போட்டுவிட்டு அடுத்த சாலுக்குத் திரும்பினார். எங்களைக் கடந்து போகும்போது என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மிஷினை நிறுத்துகிற சாமான் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு முறை ஓடும்போதே பிளக் வயரைப் பிடுங்கப் பார்த்து, மின்சாரம் அடித்து ஒரு முழம் துள்ளினார். அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எண்ணெய் தீர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பங்களாத் தோட்டம், பூப்பாத்தி, புல்தரை எல்லாம் உழுதாகிவிட்டது. அதிகாரி நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். போதும் என்று சொல்லியும் வேலையை நிறுத்தாத ஒருவனை இந்த ஊரில் இன்றுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, பட்டியலை வாங்கி, அண்ணன் பெயரை அவர் கையாலேயே அடித்தார். அன்று நான் நாற்காலிக்குக் குனிந்தது மனப்பூர்வமாகத்தான்.

சண்டை முடியும் வரை அந்த மிஷின் நிற்கவே தெரியாமல் ஓடியது. ஒரு பாத்திக்கு அரைப் புட்டி என்று எண்ணெயை அளந்து ஊற்றுவார். தகட்டை மாட்டிப் பார்க்கலாமே என்று கேட்டேன். ஓடுகிற மிஷினில் கை வைக்கக்கூடாது என்று எனக்கே புத்தி சொன்னார்.

பத்து வருஷம் கழித்துப் பசாரில் அந்தச் செரானி மீனவரைப் பார்த்தேன். பழைய கதை பேசினோம். அன்றைக்கு அவர் இறால் விற்க வரவில்லையாம். தீவுப் பக்கம் ஒளிந்துகொள்ளப் போகிற படகில் ஒரு இடம் இருக்கிறது, வந்துவிடு என்று அண்ணனைக் கூப்பிட வந்தாராம். ஒருத்தருக்குத்தான் இடமா என்று கேட்டிருக்கிறார் அண்ணன். மொழிபெயர்ப்பாளர் முதல் நாளே அவரிடம் முழு உத்தரவையும் சொல்லியிருந்தாராம். நான் ஓடிட்டா கிராணியைத்தான் தூக்குவான், அந்தப் பொம்பளை வயித்துல பிள்ளையோட நிக்குது, மூணு பேருக்கு இடம் பண்ணு என்றாராம். படகு முழுகிவிடும் என்று இவர் சொல்ல, அப்படியானால் இறாலை வைத்துவிட்டுப் போ என்று அனுப்பிவிட்டாராம்.

வாங்க வந்த காய்கறியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் சொன்னேன். அவளே நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தாள். அது அப்போது நாலு மணி அடித்து முடித்திருந்தது.

கொட்டகையில் அண்ணன் ஒரு சைக்கிள் டைனமோவைப் பிரித்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தை அவர் முன்னால் வைத்தேன். படகைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேக்னட்டோ என்றுதான் சொல்லியிருப்பார்.

"அண்ணே, இது கொஞ்சம் இழுக்குது. பாக்கணும்" என்றேன்.

அவர் காதை வைத்துக் கேட்டார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லிக்கொண்டே இலை வெட்டப் போனார்.

அண்ணன் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கடிகாரம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் நாலு பத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. மிஞ்சிய மூன்று சக்கரங்கள் ஒரு டப்பாவில் இருக்கின்றன. அன்றைக்கு வயிற்றில் இருந்த என் மகன், பட்டணத்தில் நல்ல ரிப்பேர்காரர் இருக்கிறார், கொடுத்துவிடலாம் அப்பா என்று வருஷத்துக்கு ஒரு முறை கேட்பான். வேண்டாமப்பா, அது நல்லாத்தான் ஓடுது என்று சொல்லிவிடுவேன்.