ஆமா என்றொரு கட்டளை

"சகலை, என் மிஷின்ல மரத்துக்கு முன்னாடி மனம் வருது."

பெரிய மாப்பிள்ளை கதவருகே நின்று இதைச் சொன்னதும் சின்ன மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். வேறு இடமாக இருந்தால் யாரோ தத்துவம் பேசுகிறார் என்று விட்டுவிடலாம். இது அச்சகம். பள்ளிக்கூட அகராதி ஒன்றைச் சாயங்காலத்துக்குள் அச்சுக்கு அனுப்பவேண்டும் என்று பெரிய மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அகராதியில் 'ர' முன்னால் வரவேண்டும், 'ன' கடைசியில் நிற்கவேண்டும். மரத்துக்கு முன்னால் மனம் வந்தால் அந்த அகராதியை எடைக்குத்தான் போடவேண்டும்.

"நேத்து வரைக்கும் சரியாத்தானே இருந்துச்சு?"

"இன்னைக்கு இல்லையே. விடுங்க, தப்பு என்னோடதுதான். மாமாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சின்னவருக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. தப்பைத் தானாகப் போய் ஒப்புக்கொள்வது எப்பேர்ப்பட்ட தந்திரம். மாமா உருகிவிடுவார். அப்புறம் நாற்காலி யாருக்கு?

நாற்காலி என்றால் கண்ணாடி அறையில் இருக்கும் சுழல் நாற்காலி. மாமனார் அதில் உட்கார்ந்துதான் இத்தனை வருஷமாக அச்சகத்தை நடத்துகிறார். இன்று ஓய்வு பெறுகிறார். இரண்டு மாப்பிள்ளைகளில் யார் அதில் உட்காருவது என்று சாயங்காலம் சொல்லப்போகிறார். கிளம்பும்போதே சின்னவரின் மனைவி எச்சரித்து அனுப்பியிருந்தாள்.

"ஏங்க, அந்த நாற்காலி அக்கா வீட்டுக்குப் போச்சுன்னா, ராத்திரி நீங்க எந்த நாற்காலியில தூங்கறதுன்னு இப்பவே முடிவு பண்ணிக்குங்க."

சின்னவர் கண்ணாடி அறையைப் பார்த்தார். மாமா வழக்கம்போல் போனில் இருந்தார். செல்போன் வைத்துக்கொள்ளாத மனிதர். மேஜை மேல் இருக்கும் போன் ஒன்றுதான். காதில் வைத்தால் லேசில் எடுக்கமாட்டார். "ஆமா... ஆமா... அதுவும் சரிதான்... ஆமா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் காகித ஆலை அதிபரோ, வங்கி மேலாளரோ, யார் கண்டது? பெரிய இடத்துப் பேச்சு. அந்தப் போனைத் தான் எடுத்துப் பேசுவதைச் சின்னவர் கனவில்கூடப் பார்த்திருக்கிறார்.

அச்சகத்தில் முக்கியமான கம்ப்யூட்டர்கள் மூன்று. பக்கம் வடிவமைக்கும் பெரிய மாப்பிள்ளையுடையது ஒரு ரகம். மிஷின் அறையில் சின்னவர் கட்டிக்காக்கும் சர்வர் இன்னொரு ரகம். வாசலில் வரவேற்பாளர் பெண் வைத்திருப்பது மூன்றாவது ரகம். காப்பி செய்ய, பெயர் மாற்ற, அழிக்க, அகர வரிசையில் அடுக்க என்று ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கட்டளைகள் கூடவே வருகின்றன. பெயர் ஒன்றாக இருக்கும், குணம் வேறாக இருக்கும். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு மாப்பிள்ளைகள் மாதிரி.

பெரியவரின் மிஷினில் மொழி அமைப்பு மாறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஒரு நிமிட வேலைக்கு யார் நாற்காலி கொடுப்பார்கள்?

"பழைய கட்டளையே வேண்டாம் சகலை. மூணு மிஷினுக்கும் ஒரே மாதிரி புதுசா செஞ்சு போட்டுடறேன்" என்றார் சின்னவர்.

பெரியவர் முகம் ஏனோ வாடியது. அவ்வளவு கஷ்டம் வேண்டாம், பழியை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். சின்னவர் காதில் வாங்கவில்லை.

புதிய கட்டளைகளின் மூல நிரல் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. எந்த ரக மிஷினில் வைத்துக் கட்டினாலும் அந்த ரகத்துக்கு ஏற்றபடி உருவாகும். சின்னவர் சர்வரில் கட்ட ஆரம்பித்தார். கருப்புத் திரையில் வரிகள் ஓடின. உள்ளே விசிறி இரைந்தது. வடை வேகும் நேரத்தில் முடியவேண்டியது, அரிசி மூட்டையே வேகும் நேரம் எடுத்துக்கொண்டு முடிந்தது.

பிறந்தது ஒரே ஒரு நிரல். அதற்குள் எல்லாக் கட்டளையும் அடக்கம். காப்பி என்ற பெயரில் கூப்பிட்டால் காப்பி செய்யும், அடுக்கு என்ற பெயரில் கூப்பிட்டால் அடுக்கும். எந்தப் பெயரில் கூப்பிடுகிறோமோ அந்த வேலை. சின்னவர் பூரித்துப்போய் அதற்கு 'சர்வம்' என்று பெயர் வைத்தார்.

அடுத்து, பழைய கட்டளைகளை அழிக்கவேண்டும். அழிக்கும் கட்டளை ஜாக்கிரதைக்காரன். ஒவ்வொன்றுக்கும் "இதை நிச்சயமாக நீக்கவா?" என்று கேட்டது. எத்தனை தடவை பதில் சொல்வது? அதற்கென்றே இன்னொரு கட்டளை இருக்கிறது. யாராவது நிறுத்தும்வரை "ஆமா, ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், வேறு ஒன்றும் தெரியாது. சின்னவர் அதை 'ஆமா கட்டளை' என்பார். ஏதோ ஒரு வீட்டு மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள் என்பது அவர் கட்சி.

ஆமா கட்டளையை அழிக்கும் கட்டளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். இது கேட்டது, அது ஆமா என்றது. கண்மூடித் திறப்பதற்குள் பழசெல்லாம் போய்விட்டது. கடைசியில் அழிக்கும் கட்டளை தன்னையே நீக்கவா என்று கேட்டு, அதற்கும் ஆமா வாங்கிக்கொண்டு மறைந்தது.

இனி சர்வத்தை ஒவ்வொரு பெயரிலும் ஒரு காப்பி எடுத்து வைக்கவேண்டியதுதான். சின்னவர் காப்பி கட்டளையைத் தட்டினார்.

'அப்படி ஒன்று இல்லை' என்றது திரை.

காப்பியும் போயிருந்தது. சரி, சர்வத்தையே காப்பி என்று பெயர் மாற்றலாம் என்றால், பெயர் மாற்றும் கட்டளையும் இல்லை. 'சர்வம்' என்றே கூப்பிட்டுப் பார்த்தார். 'அந்தப் பெயரில் எனக்கு ஒரு வேலையும் தெரியாது' என்று பதில் வந்தது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்த கதை.

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெரியவரிடம் ஓடினார். அவருடைய மிஷினிலிருந்து சர்வரின் கோப்புகளை எட்டிப் பிடிக்கலாம். அங்கிருந்தே பெயர் மாற்றிச் சர்வரைப் பிழைக்கவைத்தார். வந்ததுதான் வந்தோம் என்று, பெரியவரின் மிஷினிலும் புதுக் கட்டளைகளைக் கட்டிப் பழசுக்கு முன்னால் நிறுத்தினார். பக்கம் வடிவமைக்கும் மென்பொருள் பழைய பழக்கத்தில் ஏதோ சுருக்கக் குறி போட்டுக் கூப்பிட்டது. புதுக் கட்டளைக்கு அந்தக் குறி புரியவில்லை. மென்பொருள் திறந்தது, மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது, மூடிக்கொண்டது.

"என் ராசி அப்படி" என்றார் பெரியவர், கிட்டத்தட்ட சந்தோஷமாக. "மாமாகிட்ட நான் போய்..."

"நீங்க உட்காருங்க" என்று அவரை அமுக்கினார் சின்னவர். இந்தப் பழியைக்கூட விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

மிச்சம் இருந்தது வரவேற்பாளரின் மிஷின். அதில் அகராதியை அடுக்கிவிட்டால் போதும். அந்தப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். இது போன் இணைப்பெல்லாம் ஓடுகிற மிஷின் என்று ஒரு வார்த்தை சொல்லியும் வைத்தாள். ஒன்றும் ஆகாது என்றார் சின்னவர். கட்டினார், நிறுவினார். போன் இணைப்பு மென்பொருள், தேடும் கட்டளை என்று நினைத்து அதே பெயரில் நின்ற புது ஆளைக் கூப்பிட்டது. புது ஆள் வேறு எதையோ தேடப் போனான். அச்சகத்தில் எல்லாப் போனும் செத்தது.

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. மாமா வெளியே வந்தார்.

வேலை நேரத்தில் மாமா அந்த அறையை விட்டு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் வானத்தைப் பார்த்தார். பைண்டிங் பிரிவுக்குப் போய் ஒருவரிடம் அவர் குழந்தைகளைப் பற்றி விசாரித்தார். அதிர்ச்சியில் மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார் சின்னவர்.

"போன் வரலையே மாப்பிள்ளை" என்றார் மாமா மெதுவாக.

"இதோ, இப்பவே சரி பண்ணிடறேன் மாமா."

"அவசரமே இல்லை."

இந்த நிதானம்தான் பயங்கரம் என்று பட்டது சின்னவருக்கு. அடுக்கும் கட்டளையை மூன்று மிஷினிலும் ஓட்டிப் பார்த்தார். மூன்று ரகமும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே குரலில் பதில் சொல்லின. மூன்றிலும் மரத்துக்கு முன்னால் மனம் வந்தது. எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கும் எண்ணை வைத்து அடுக்கத்தான் சர்வத்துக்குத் தெரியும். தமிழ் வரிசையை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாயங்காலம் இருவரும் கண்ணாடி அறையில் கைகட்டி நின்றார்கள்.

"மூணு மிஷினும் கெட்டுப்போச்சா?" என்று சின்னவரைப் பார்த்துக் கேட்டார் மாமா.

"ஆமா மாமா."

"நீங்கதான் பண்ணீங்களா?"

"ஆமா மாமா."

"அழிக்கிறதுக்கு முன்னாடி யோசிக்கவே இல்லையா?"

"ஆமா மாமா."

பெரியவர் பதறிக் குறுக்கே வந்தார். "இல்ல மாமா. ஆரம்பிச்சது நான். அகராதி என் பொறுப்பு. எனக்கு இந்தத் தொழிலே சரிப்படாது."

மாமா அவரைக் கொஞ்சநேரம் ஏக்கத்தோடு பார்த்தார். "உங்களைத்தான் மனசுல வச்சிருந்தேன் மாப்பிள்ளை. ஆனா நீங்க வாயைத் திறந்தாலே இல்லைன்னுதான் ஆரம்பிக்கிறீங்க." பிறகு சின்னவர் பக்கம் திரும்பினார். "இந்த நாற்காலியில இனிமே நீங்க உட்கார்றீங்களா?"

"ஆமா மாமா" என்றது சின்னவரின் வாய். கேட்டது என்ன கேள்வி என்று காதுக்கு எட்டியது அதற்கப்புறம்தான்.

மாமா குடையை எடுத்துக்கொண்டார். போனை மட்டும் சரிசெய்துவிடச் சொன்னார், இனி அது உங்கள் போன்தானே என்றார். படியில் இறங்கும்போது அவர் சீழ்க்கை அடிப்பது கேட்டது. பெரியவர் சின்னவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், குலுக்கிக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வேறு. தோற்ற பிறகும் என்ன பெருந்தன்மை என்று சின்னவருக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

வரவேற்பாளரின் மிஷினில் பழைய கட்டளைகளை அவர் அழித்திருக்கவில்லை. புதுசை நீக்கியதும் போன்களுக்கு உயிர் வந்தது. மனைவிக்குச் செய்தி அனுப்பினார்: 'கட்டிலிலேயே தூங்குகிறேன்.'

கண்ணாடி அறைக்குப் போய் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சுகமாக இருந்தது. வரவேற்பாளர் பெண் உள்ளே வந்து புத்தம்புதுசாக பைண்டு செய்த ஒரு புத்தகத்தை மேஜையில் வைத்தாள். பள்ளிக்கூட அகராதி. சின்னவர் பரபரவென்று 'ம' பக்கத்தைப் புரட்டினார். மரம் முன்னால் நின்றது. மனம் பின்னால், இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

"இது எப்ப..." என்று அவர் வாயெடுத்தபோது மேஜை மேல் போன் அடித்தது.

"அது நேத்தே அச்சாயிடுச்சு சார்" என்றாள் அவள், ரிசீவரை எடுத்து அவர் கையில் கொடுத்தபடி. "பெரிய மாப்பிள்ளை சார் காலையில தன் மிஷினைத் தானே கலைச்சு வச்சுக்கிட்டுக் கெட்ட பேர் வாங்கப் பார்த்ததெல்லாம் இந்தப் போன்லேர்ந்து தப்பிக்கத்தான், பேசுங்க, வீட்டுலேர்ந்து உங்க மாமியார், அச்சகத்தை நடத்தறது என்னைக்கும் அவங்கதானே, நீங்க 'ஆமா' மட்டும் சொன்னாப் போதும்."