பெரியவுகளும் அஞ்சு வோல்ட்டும்

அமலா, சேவியர், அப்பா சொல்வதைக் கேளுங்கள். மின்சாரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மனிதர் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. வயரிங் வேலைக்காரர். வீட்டுக்கு வரும் இருநூற்று முப்பது வோல்ட்டை அவர் கரண்ட் என்று சொல்லவே மாட்டார். "பெரியவுக வந்துட்டாக", "பெரியவுக போயிட்டாக" என்பார். கடைசியில் பழனிசெட்டிபட்டி முழுக்க அவருக்கே பெரியவுக என்று பேர் விழுந்துவிட்டது.

காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் பெட்டியைத் திறக்குமுன் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாராம். தோட்டக்காரர் சிரித்துவிட்டார். வேலையைப் போட்டுவிட்டு டவுன் பஸ் ஏறிவிட்டார் இவர்.

நம் குளியலறை ஓரத்தில் தண்ணீர் மோட்டாருக்குப் பட்டன் வைத்தவர் அவர்தான்.

"பிள்ளைக ஈரக்கையோட தொடும் தம்பி. இங்கன அஞ்சு வோல்ட்டு சின்னப்பய மட்டுந்தேன் இருக்கணும். அவன் ரிலேகிட்டச் சொல்லுவான். ரிலே அங்கன மோட்டாரப் போட்டுவிடும். சின்னப்பயலும் பெரியவுகளும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கவே கூடாது."

ஒரு இடிமழையில் அந்த அஞ்சு வோல்ட்டைத் தரும் டிரான்ஸ்பார்மர் கருகிப்போனது. நான் கெட்டிக்காரன் அல்லவா? தேனி கடைவீதியில் டிரான்ஸ்பார்மரே இல்லாத குட்டி போர்டு ஒன்றை வாங்கி நானே மாட்டினேன். மீட்டரும் அஞ்சு வோல்ட் என்றது. அமலா, நீ இரண்டு நாள் ஈரக்கையோடு அமுக்கினாய்.

டிரான்ஸ்பார்மர் கருகிய சேதி கேட்டு மூன்றாம் நாள் அவர் வந்தார். பெட்டியைத் திறந்தார். பட்டன் கம்பியில் டெஸ்டரை வைத்தார். அதன் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"யாரு தம்பி மாட்டுனது?"

"நான்தேன். அஞ்சு வோல்ட்டுதானண்ணே?"

"ரெண்டு கம்பிக்கு நடுவுல அஞ்சு! கம்பிக்கும் தரைக்கும் எம்புட்டுன்னு பாத்தியா? மறிக்க டிரான்ஸ்பார்மர் இல்ல. அவன் நேரா பட்டனுக்குள்ள வந்து உக்காந்துருக்கான்லே!"

அவன்! வாழ்நாளெல்லாம் இருநூற்று முப்பதை 'அவுக' என்றவர் வாயில் 'அவன்'.

மெயினை அணைத்தார். "ஆத்தா, கையக் காட்டு" என்று உன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உனக்கும் அதற்கும் நடுவில் நின்றது பட்டனின் பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான். அதிலும் மயிரிழை விரிசல் விட்டிருந்தது.

போர்டைப் பிடுங்கி என் கையில் திணித்தார். "தம்பி, படிச்சவன் செய்யுற வேலையா இது?" நான் படித்தது எட்டாம் வகுப்பு. பையிலிருந்து டிரான்ஸ்பார்மர் எடுத்து மாட்டி, பட்டனையும் மாற்றி, மெயினைப் போட்டு மறுபடி டெஸ்டர் வைத்தார். விளக்கு எரியவில்லை. நான் கொடுத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டார்.

நீங்கள் பள்ளிக்குப் போனபின் பார்த்தேன். வாசலில் அவர் செருப்பு. மனிதர் வெறுங்காலோடு போயிருக்கிறார். சேற்றைக் கழுவித் துடைத்து, கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பினேன்.