வால் தெரியாமல் ஊற்று

சோதனைக்கென்று கொதிநீரில் போட்ட ஐந்து தொர்தெல்லிக் கொழுக்கட்டைகளும் போட்ட வேகத்தில் வாயைப் பிளந்தன.

லொரேதானா கரண்டியால் துழாவினாள். பச்சையாகக் கீரை மிதந்தது. வெள்ளையாகப் பாலாடைக்கட்டி மிதந்தது. மாவு, கந்தல் துணி மாதிரி நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏங்க! இங்க ஓடி வாங்க! குடி முழுகிப் போச்சு!"

ஃபௌஸ்டோ ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்தான். பானையை எட்டிப் பார்த்தான்.

"சூப்பா?"

"தொர்தெல்லி!"

அவன் முகத்தில் நுரை இல்லாத பாதியும் வெளுத்தது.

விடியற்காலையில் எழுந்து பிசைந்து, தேய்த்து, பூரணம் வைத்து, இருபுறமும் மாற்றி மாற்றி மடித்து வால் வரைக்கும் பின்னியவை அவை. மீதி முழுவதும் மேசைமேல் தட்டில் விரித்த துணியில் காத்திருந்தன. லொரேதானா அதில் ஒன்றை எடுத்தாள். வால் மட்டும் கையோடு வந்தது. உடம்பு துணியோடு ஒட்டிக்கொண்டது.

"ரிக்கோட்டாப் பாலாடைக்கட்டியை ராத்திரி முழுக்கத் துணியில கட்டித் தொங்கவிட்டியா?"

"ரெண்டு மணி நேரம் தொங்கவிட்டேன்."

"ரெண்டு மணி நேரமா! அந்தப் பாலாடைக்கட்டித் தண்ணியாலதானே எங்க குடும்பமே ரெண்டாச்சு!"

அது உண்மை. பதினோரு வருடங்களுக்கு முன் அவர்களுடைய கல்யாண விருந்தில், ஃபௌஸ்டோவின் தாய் எர்சிலியா பின்னிய தொர்தெல்லியில் ஒன்றை அவளுடைய தங்கை பீச்சே கத்தியால் கீறிப் பார்த்து, "அக்கா, பாலாடைக்கட்டி தண்ணி விட்டிருக்கே" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள். எர்சிலியா அதே இடத்தில் எழுந்து நின்று சத்தியம் செய்தாள். பீச்சே மன்னிப்புக் கேட்கும்வரை அவள் முகத்தில் விழிப்பதில்லை, மாவுப் பலகையைத் தொடுவதில்லை. அன்றிலிருந்து கோயிலில்கூட அக்காள் வலப்பக்க பெஞ்சு, தங்கை இடப்பக்க பெஞ்சு. மாமியார் கையால் பின்னிய ஒரு தொர்தெல்லியைக்கூட லொரேதானா ருசித்ததில்லை. அவள் மணப்பெண்ணாக முதல் வாய் எடுப்பதற்குள் சண்டை வந்துவிட்டது.

போன வருட ஈஸ்டருக்கு நடந்தது இன்னும் மோசம். பீச்சே யார் மூலமோ கொடுத்தனுப்பிய பாதாம் கேக்கை ஃபௌஸ்டோ விவரம் தெரியாமல் மேசையில் வைத்துவிட்டான். எர்சிலியா ஒரு துண்டை முகர்ந்தாள், மேல்கோட்டை மாட்டினாள், போய்விட்டாள். அதற்கப்புறம் மகன் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபௌஸ்டோ தாயின் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். பங்குக் குரு செராஃபினோ சாமி ஏழு முறை மேடேறிப் போய்ப் பேசித்தான், இன்று, புனித அந்தோனினோ திருநாளில், பகல் சாப்பாட்டுக்கு வர எர்சிலியா சம்மதித்திருந்தாள். சாமியும் கூடவே வருகிறார்.

"கடையில வாங்கலாமா?" என்றான் ஃபௌஸ்டோ.

"திருநாளன்னிக்கு இந்தப் பள்ளத்தாக்குல எந்தக் கடைக்காரன் கதவைத் திறப்பான்?"

இருவரும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். திராட்சைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புகைபோக்கி தெரிந்தது.

"அந்த வீட்டுப் பேரை எடுக்காதே!"

"நான் எங்கே எடுத்தேன்?"

"நெனச்சியே!"

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

வழி இல்லை. "நீங்க கோயிலுக்குப் போங்க. பூசை முடிஞ்சதும் அத்தையை வாசல்லயே பிடிச்சு வைங்க" என்றாள் லொரேதானா, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்துக்கொண்டே.

"என்ன சொல்லிப் பிடிச்சு வைக்கிறது?"

"முட்டி வலி எப்படி இருக்குன்னு கேளுங்க. ஒரு மணி நேரம் தானா போயிடும்."

பீச்சேயின் சமையலறையில் தண்ணீர் அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது. அவள் கணவர் கௌதென்சியோ கழுத்தில் துண்டு கட்டி, முள்கரண்டியைக் கையில் பிடித்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார்.

"யாரு? எர்சிலியா மருமகளா? உள்ள வா! சாப்பிட்டுட்டுப் போ!"

லொரேதானா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். பீச்சே முழுவதையும் கேட்டுவிட்டு, அலமாரிமேல் துணி போர்த்தி வைத்திருந்த பெரிய தட்டைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இதுவா... இதைக் கொடுக்கிறதா..."

"வேற இருந்தா அதைக் கொடுங்க சித்தி."

"வேற இல்லடி. இது ஒண்ணுதான் இருக்கு."

"அத்தைக்குத் தெரிஞ்சா எழுந்து போயிடுவாங்க. இந்தத் தடவை போனா திரும்பி வரமாட்டாங்க. உங்க பேரு என் வாயிலேர்ந்து வராது, அந்தோனினோ மேல சத்தியம்."

பீச்சே சிலுவை போட்டுக்கொண்டாள். தட்டை இறக்கி லொரேதானாவின் கையில் வைத்தாள். தன் மதியச் சாப்பாட்டையே தூக்கிக் கொடுக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோரு வருடமாகப் பேசாத வீட்டுக்கு மறுபேச்சில்லாமல் நீளும் ஒரு கை இருக்கும்வரை உலகத்தைப்பற்றி நாம் ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை.

"ஒண்ணு மட்டும் செய்" என்று பின்னால் ஓடி வந்தாள் பீச்சே. "சாஸை நிறைய ஊத்து. வால் வெளிய தெரியக் கூடாது."

கௌதென்சியோ காலியான அலமாரியைப் பார்த்தார். தன் முள்கரண்டியைப் பார்த்தார்.

"எங்க போகுது அது?" என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்து துணியை விலக்கியதும் லொரேதானாவுக்கு விஷயம் புரிந்தது. அவள் பின்னும் வால் மாட்டுக் கயிறு மாதிரி இருக்கும். இதுவோ பள்ளிக்கூடத்துக்குப் போகும் சிறுமியின் சடை. ஒவ்வொன்றும் கோதுமைக் கதிர்போல ஒரே சீராக இறங்கி, நுனியில் ஊசியாக முடிந்திருந்தது. கையெழுத்தைப் பார்த்துக் கடிதம் யாருடையது என்று சொல்வதுபோல, அந்தப் பள்ளத்தாக்கில் வாலைப் பார்த்துக் கை யாருடையது என்று சொல்வார்கள். எர்சிலியாவுக்கு அரைக் கண் போதும்.

முதலில் கத்தரிக்கோலை எடுத்தாள். ஆறு வால்களை நறுக்கினாள். ஆறிலும் பூரணம் எட்டிப் பார்த்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டாள்.

வழக்கப்படி வெண்ணெயை உருக்கி சேஜ் என்ற வாசனை இலையைப் பொரித்தாள். ஒன்றை மட்டும் வேகவைத்து அதன்மேல் ஊற்றிப் பார்த்தாள். வெண்ணெய் கண்ணாடி மாதிரி இறங்கி, வாலைத் துடைத்துப் பளபளவென்று காட்டியது.

சரி, காளான் சாஸ். காய்ந்த காளானை ஊறவைக்க நேரமில்லாமல் வெந்நீரில் போட்டுக் கசக்கி வெண்ணெயில் கொட்டினாள். அது வாலின் மேலே உட்காராமல் இருபுறமும் வழிந்தது.

அப்போது ஃபௌஸ்டோ வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான். "முட்டி முடிஞ்சு முதுகுக்கு வந்துட்டாங்க. சாமி கூட மெதுவா நடந்து வர்றாங்க. இன்னும் பத்து நிமிஷம்தான்."

"வால் தெரியுதுங்க!"

அவன் குளிர்பெட்டியைத் திறந்து, இரண்டு நாள் முந்தைய தக்காளி இறைச்சி சாஸைச் சட்டியோடு எடுத்தான். லொரேதானா நெஞ்சில் கை வைத்தாள்.

"தொர்தெல்லிக்குத் தக்காளியா? உங்க அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் போகச் சொல்வாங்க."

"பாவம்னாலும் மறைக்குதே!"

ஊற்றினார்கள். அவசரமாக வேகவைத்து அடுக்கிய மீதித் தொர்தெல்லிமேல் சாஸ் இறுகிக் கட்டியாக விழுந்தது. இளக்கப் பாலேட்டை ஊற்றினார்கள். இப்போது எல்லாம் சேர்ந்து, மழைக்காலத்தில் ஆற்றங்கரைச் சேறு என்ன நிறமோ அந்த நிறத்துக்கு வந்தது. ஆனால் வால் தெரியவில்லை.

எர்சிலியா கறுப்பு உடையும் முத்துத் தோடுமாக வந்தாள். பெரிய வார்த்தை எதுவும் பேசாமல் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலியின் கையை ஒருமுறை தடவிக் கொடுத்தாள். ஃபௌஸ்டோவுக்குக் கண் கலங்கிவிட்டது. செராஃபினோ சாமி செபம் சொன்னார். லொரேதானா தட்டுகளை வைத்தாள்.

எர்சிலியா தட்டை உற்றுப் பார்த்தாள்.

"இது என்ன?" என்றாள் எர்சிலியா.

"தொர்தெல்லி, அத்தை."

"எங்க?"

"அடியில இருக்கு."

"தக்காளி போட்டிருக்கியா?"

"கொஞ்சம்."

"காளான்?"

"கொஞ்சம்."

"இந்த வெள்ளை?"

"பாலேடு, அத்தை."

எர்சிலியா சாமியைப் பார்த்தாள். சாமி கூரையைப் பார்த்தார். அவள் பெருமூச்சு விட்டு முள்கரண்டியை இறக்கி ஒன்றைத் தூக்கினாள். சாஸ் பொத்தென்று வழிந்து விழுந்தது. நீண்ட மெல்லிய சடை, ஊசி நுனியோடு, வெளிச்சத்தில் அப்படியே தொங்கியது.

எர்சிலியாவின் முகத்தில் ரத்தம் வற்றியது.  கதவைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். லொரேதானா மனதுக்குள், 'அந்தோனினோவே, இதோ அத்தை மேல்கோட்டை எடுக்கப் போறாங்க' என்று வேண்டிக்கொண்டாள்.

எர்சிலியா அதை அப்படியே சாஸுக்குள் போட்டு அமுக்கினாள்.

"சாஸ் பத்தலை" என்றாள்.

ஃபௌஸ்டோவின் கையிலிருந்து ரொட்டி விழுந்தது. "அம்மா?"

"காது கேக்கலையா? சாஸ் பத்தலைன்னேன். எல்லார் தட்டுலயும் ஊத்து. சாமி தட்டுல இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

"அத்தை, இது தக்காளி..."

"தக்காளி உடம்புக்கு நல்லது. ஊத்து!"

வெண்ணெயும் சேஜ் இலையும் தவிர வேறெதையும் தொர்தெல்லியின் பக்கத்தில் அண்டவிடாத மனுஷி அவள். லொரேதானா வாயைத் திறந்தபடியே ஊற்றினாள். செராஃபினோ சாமி சாப்பாட்டில் ரசனையுள்ளவர். சாஸை முள்கரண்டியால் மெல்ல ஒதுக்கி, குனிந்து பார்த்தார்.

"அடடே, இந்த வால் இருக்கே, இது..."

"சாப்பிடுங்க சாமி!" என்று மாமியாரும் மருமகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

இருவரும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமி அவசரமாக விழுங்கிப் புரையேறினார்.

ஃபௌஸ்டோவுக்கும் அந்த வால் ஏதோ செய்தது. நாக்கில் வைத்து உருட்டினான். "நான் இதைச் சின்ன வயசுல எங்கேயோ..."

மேசைக்கு அடியில் வலப்பக்கமிருந்து லொரேதானா உதைத்தாள். அதே நொடியில் இடப்பக்கமிருந்து இன்னொரு உதை, முதலாவதைவிட பலமாக வந்தது. அவன் மெதுவாக இடப்பக்கம் திரும்பினான். அவன் தாய் தட்டைப் பார்த்துக் கவனமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

லொரேதானாவால் தாங்க முடியவில்லை. எழுபத்தைந்து வயதுக் கிழவி, தன் வைராக்கியத்தையெல்லாம் விழுங்கி, மருமகளை அவமானப்படுத்தக் கூடாதென்று அந்தச் சேற்றைச் சாப்பிடுகிறாள் என்று தோன்றியது. இவ்வளவு நல்ல மனதை ஏமாற்றிக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? அவள் எழுந்தாள்.

"அத்தை, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

"பொய்யெல்லாம் சாப்பிட்டப்புறம் பேசிக்கலாம்" என்றாள் எர்சிலியா வேகமாக.

"இல்ல அத்தை, இப்பவே சொல்லணும். இது நான் பின்னினது இல்ல. என்னோடது எல்லாம் ஒடைஞ்சு போச்சு. இது... இது பீச்சே சித்தி கை."

 சாமி கண்ணை மூடி செபத்தில் இறங்கினார். ஃபௌஸ்டோ தாயின் கோட்டு மாட்டியிருந்த ஆணிக்கும் தாய்க்கும் நடுவில் போய் நின்றுகொண்டான்.

"அவங்களைத் திட்டாதீங்க. நான் கேட்டதும் கொடுத்துட்டாங்க. தப்பு என்னோடது. போறதா இருந்தாலும் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

எர்சிலியா பேச வாயெடுத்தாள். மூடினாள். மறுபடி எடுத்தாள். அவள் காதுமடல்கள் சிவந்திருந்தன. "பீச்சே கையா?" என்றாள், கம்மிய குரலில். "அவ கையேதானா? உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமாத் தெரியும் அத்தை."

"அப்ப... அப்ப அவ கையாவே இருக்கட்டும். பரவாயில்ல. சாப்பிடு."

இந்த மன்னிப்பின் அதிர்ச்சியில் மூவரும் சிலையாகிவிட்டபோது, யாரும் தட்டாமலே கதவு திறந்தது. பதினோரு வருடமாக அந்த வாசலை மிதிக்காத கௌதென்சியோ, கழுத்தில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல், தொப்பியைக் கழற்றியபடி நேராக எர்சிலியாவிடம் வந்தார். அவள் காதருகே குனிந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அண்ணி, யாருக்கும் தெரியாம உங்க காதுல மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னா பீச்சே: நேத்து நீங்க எங்க வீட்டுல உக்காந்து பின்னின தொர்தெல்லித் தட்டை இந்தப் பொண்ணு தூக்கிட்டு வந்துட்டா, எங்க வீட்டுல அடுப்பு காலியாக் கெடக்கு, வழக்கம்போல பின்கதவு வழியா வந்து இன்னொரு தட்டு பின்னித் தருவீங்களா?"