கீழிருந்து மூன்றாவது மேடு

சொங்ஜு நகரம்,
சூசொக் அறுவடைப் பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை.

யொம் குலத்து வம்சநூல் புதுப்பதிப்பின் ஆசிரியரும், வயதில் முப்பத்தெட்டே ஆனாலும் முறையில் எனக்குப் பாட்டனாருமாகிய உயர்திரு யொம் சன்-வூ அவர்களின் சமூகத்துக்கு, அறுபத்தேழு வயதுப் பேரன் யொம் தே-சிக் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது.

காலையில் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை கேட்கும் இந்தப் பருவத்தில் தங்கள் உடல்நலமும், பாட்டியார் அவர்களின் உடல்நலமும், சென்ற மாதம் பிறந்த என் சித்தப்பாவின் உடல்நலமும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். சித்தப்பா பால் குடித்தபின் ஒழுங்காக ஏப்பம் விடுகிறாரா என்று என் மனைவி மல்-சுன் கேட்கச் சொன்னாள். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. என் இடது கண் திறக்கவில்லை, மனைவி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை (சித்தப்பா விஷயத்தைக்கூடக் காகிதத்தில் எழுதித்தான் நீட்டினாள்), கொள்ளுத்தாத்தாவைக் காணவில்லை. மற்றபடி நலம்.

நேற்றுத் தொலைபேசியில் நான் பாதி சொல்வதற்குள் தாங்கள், "எல்லாத்தையும் எழுத்துல குடுங்க, பேராண்டி" என்று சொல்லி வைத்துவிட்டதால், நடந்ததை அடிமுதல் நுனிவரை எழுதுகிறேன். ஒவ்வொரு கிளையாரும் தங்கள் கொள்ளுத்தாத்தா கல்லறையின் படத்தையும் இடத்தையும் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டும், அனுப்பாத கிளை நூலின் உடம்பில் வராது, கடைசியில் 'உறுதிப்படாத கிளைகள்' என்ற பின்னிணைப்பில்தான் வரும் என்று தங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கப் போனாலும் அது என்னை முறைக்கிறது. அடுத்த பதிப்பு முப்பது வருடம் கழித்து. அதற்குள் நானே ஒரு கல்லறை மேடாகியிருப்பேன். போதாக்குறைக்கு, பெண்பிள்ளைகளின் பெயரும் தனி வரியில் வரப்போகும் முதல் பதிப்பு இதுதான் என்று என் பேத்தி சோ-தமிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்துவிட்டேன். ஏழு வயது. அவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆசிரியை கைதட்டச் சொன்னாராம், எல்லாரும் தட்டினார்களாம். இப்போது அவளிடம் போய், "கண்ணு, நீ பின்னிணைப்பு" என்று நான் எந்த வாயால் சொல்வது?

நான் நெடுந்தூரப் பேருந்து ஓட்டிய ஆள் என்பது தங்களுக்குத் தெரியும். பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் ஊரிலுள்ள அத்தனை பேரையும் அவரவர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவனுக்குத் தன் ஊர் மலைக்குப் போக விடுப்பு கிடைக்காது. அதனால் அப்பா இருந்தவரை பம்கோல் மலைக்குப் போய்க் கல்லறைப் புல் வெட்டும் வேலை அவருடையதாகவே இருந்தது, நான் ஒருமுறைகூடப் போனதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் எனக்குப் பதறியது. "அப்பா, நம்ம மேடு எதுப்பா?" என்று கேட்டேன். மூக்கிலும் வாயிலும் குழாய். "கீழிருந்து" என்று ஒரே வார்த்தை சொல்லி மூன்று விரலைக் காட்டினார். மறுவருடம், நிர்வாகத்திடம் சண்டை போட்டு ஒரு நாள் விடுப்பு வாங்கி, மலையேறி, கீழிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கல்லும் இல்லை, பெயரும் இல்லை, ஆனால் வடிவான மேடு. அன்றிலிருந்து முப்பத்தொரு வருடம், ஒரு வருடம் தவறாமல், புல் வெட்டி, காய்ந்த மீன் வைத்து, அரிசிக் கள் ஊற்றி, ஒரு சிகரெட்டையும் பற்றவைத்து மண்ணில் நட்டு, இரண்டு முறை விழுந்து கும்பிட்டு வந்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை, படமும் எடுத்துவிடலாம் என்று வெள்ளைச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே போனேன். அங்கே பார்த்தால், பாட்டனாரே, என் கொள்ளுத்தாத்தாவின் காலடியில் இரண்டு பேர் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்! பக்கத்தில் ஒரு கல்தச்சர் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"யோவ்! யார் வீட்டுப் பெரியவர் மேல கடப்பாரை போடுறீங்க?"

"எங்க வீட்டுக் கொள்ளுப்பாட்டி மேல. நீங்க யாரு?" என்றார் மூத்தவர்.

"பாட்டியா? ஐயா, உள்ள படுத்திருக்கறது ஆம்பளை! முப்பத்தொரு வருஷமா எனக்குத் தெரியும்!"

அவர்கள் தக் குடும்பத்து அண்ணன் தம்பிகள். கல் நடுவதற்காக இந்த வருடம் முன்னாலேயே வந்திருக்கிறார்கள். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே தம்பியின் மண்வெட்டியில் எதுவோ டங்கென்று பட்டது. வெள்ளைப் பீங்கான் தகடு, அந்தக் காலத்தில் பெயர் எழுதிக் கூடவே புதைப்பார்களே, அது. மண்ணைத் துடைத்தால் நீல எழுத்தில் சுத்தமாக இருக்கிறது, தக் வீட்டு மருமகள் என்று, பிறந்த வருடம், இறந்த வருடம் எல்லாம் போட்டு. நான் கண்ணாடியைக் கழற்றிப் படித்தேன், மாட்டிப் படித்தேன், கல்தச்சரை விட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு முறையும் அதையேதான் படித்தார். "நாங்க மேலிருந்து எண்ணுவோம் சார், எங்களுக்குத் தப்பவே தப்பாது" என்றார் மூத்தவர் கி-பொங்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் தம்பி மெதுவாக, "அப்போ ஒவ்வொரு வருஷமும் நாங்க வர்றதுக்கு முன்னாடி புல்லு வெட்டி வச்சது நீங்களா?" என்று கேட்டார். நான் தலையாட்டியதுதான் தாமதம், அண்ணன் அவர் பக்கம் திரும்பினார்.

"டேய், அப்போ நீ இல்லையா?"

"நான் நீங்கன்னுல்ல நினைச்சேன்!"

"நீ சத்தங்காட்டாம வந்து செஞ்சுட்டுப் போறேன்னு நம்பி பதினஞ்சு வருஷமா உனக்குப் பேரிக்காய்ப் பெட்டி அனுப்பிக்கிட்டிருக்கேன்டா!"

"அதான் எதுக்கு அனுப்புறீங்கன்னு எனக்கும் தெரியல. நீங்க வெட்டுறீங்களேன்னுதான் அப்பா நிலம் விஷயத்துல நான் வாயே திறக்காம இருந்தேன். இனிமே திறப்பேன்!"

பதினைந்து வருடம் ஒற்றுமையாக இருந்த இரண்டு பேர் என்னால், என் புல்வெட்டும் இயந்திரத்தால், கொள்ளுப்பாட்டியின் தலைமாட்டில் நின்று சண்டை போட்டார்கள். நடுவில் தம்பி என்னிடம் திரும்பி, "அந்த அம்மா பௌத்த விரதக்காரங்க சார், கள்ளு, மீனு, புகை எதுவும் ஆகாது" என்று வேறு சொன்னார்.

கள்ளும் மீனும்கூடப் போகட்டும். ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை என்ற தைரியத்தில் அந்த மேட்டிடம் நான் என்னென்ன சொல்லியிருக்கிறேன்! புராஸ்டேட் சுரப்பி வீங்கி இரவில் ஐந்து முறை எழுந்திருப்பதை, மருத்துவர் எங்கே விரலை விட்டுப் பார்த்தார் என்பது உட்பட, விலாவாரியாகச் சொல்லியிருக்கிறேன். பனியில் பேருந்து சறுக்கி, நாற்பத்திரண்டு பேரையும் கொன்றுவிட்டேன் என்று மூன்று நொடி நினைத்ததை அங்கேதான் சொல்லி அழுதேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் வேறு யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மல்-சுன்னிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாததையெல்லாம் ஊரான் வீட்டுப் பொம்பளைகிட்ட முப்பத்தொரு வருஷமா கொட்டியிருக்கீங்க."

"அவங்க செத்து நூறு வருஷம் ஆச்சுடீ!"

"நான் உயிரோடதானே இருக்கேன்? என்கிட்ட சொன்னா என்ன?"

அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தேடப் போனேன். கீழே இருப்பதில் ஒன்று தங்கள் வீட்டாருடையது, அந்தப் பக்கம் பார்க்கவேண்டியதில்லை என்பதால் மேலே மேலே ஏறினேன். காட்டுப்பன்றி தோண்டிய பள்ளத்தில் இடுப்புவரை விழுந்தேன். அதிலிருந்து ஏறப் பிடித்த புதரில் குளவிக் கூடு. கண்ணில் ஒன்று, காதில் இரண்டு, மீதியை எழுதுவது மரியாதையாக இருக்காது. அங்கே கிடைத்த மேடு ஒன்றே ஒன்று, அதுவும் யாரோ உருளைக்கிழங்கு புதைத்து வைத்திருந்த குவியல். இது தெரிவதற்கு முன்பே நான் அதைக் கும்பிட்டுவிட்டேன்.

நேற்றுத் தங்களுக்குச் சொன்னபோது தாங்கள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது, குளவி கொட்டாத காதில். "பேராண்டி, விதின்னா விதிதான். சொந்தக் கொள்ளுத்தாத்தாவையே தொலைச்சுட்டு நிக்கிற ஆளை நான் எந்தப் பக்கத்துல போடுறது? கும்பிடுறது யாரைன்னு கூடவா பார்க்க மாட்டாங்க?" நியாயமான கேள்வி. அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா காட்டிய மூன்று விரலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை அவர் மூன்று மணி மாத்திரையைக் கேட்டாரோ? நாங்கள் உண்மையில் யொம்தானா, அல்லது எந்தத் தாத்தாவோ வழியில் வந்து ஒட்டிக்கொண்டவரா? அறுபத்தேழு வயதில் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று பயமாக இருக்கிறது, பாட்டனாரே. சொல்ல வெட்கம்தான், ஆனால் பயமாக இருக்கிறது.

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது: குற்றம் முழுக்க என்னுடையது. பரம்பரைக்கே தலைகுனிவு தேடித் தந்தேன், மன்னியுங்கள். கெடுவை ஒரே ஒரு வாரம் தள்ளிவையுங்கள். முடியாதென்றால் என்னை மட்டும் பின்னிணைப்பில் போட்டு, சோ-தமை உள்ளே எங்காவது, அடிக்குறிப்பிலாவது, வைத்துக்கொள்ளுங்கள். அவள் சின்னப் பெண், இடம் அதிகம் பிடிக்கமாட்டாள். கேட்டிருந்தபடி கிளைத் தலைவரின் புகைப்படம் இணைத்திருக்கிறேன். அதில் இருப்பது நானேதான்.

வயதில் மூத்தவனாகத் தங்களை ஆசீர்வதிப்பதா, முறையில் இளையவனாகத் தங்கள் காலில் விழுவதா என்று தெரியாததால் இரண்டையும் செய்கிறேன். பாட்டியாருக்கு என் வணக்கம். சித்தப்பாவுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம், முறைப்படி மரியாதையோடு.

தங்கள் கீழ்ப்படிந்த பேரன்,
யொம் தே-சிக்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தொலைபேசி வந்தது. குளவிக் கூட்டை எடுக்கச் சொல்லி பம்கோல் ஊர்த்தலைவரிடம் தகவல் விட்டிருந்தேன், அவர்தான். பேச்சோடு பேச்சாக என் துக்கத்தைச் சொன்னேன். மனிதர் சிரிக்கிறார். "மூணாவதுதான், உங்கப்பா சரியாத்தான் சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்பதானே மலைக்குக் காட்டு ரோடு போட்டாங்க? அதுக்காகக் கீழ்க்கோடியில இருந்த அநாதை மேடு ஒண்ணை நான்தானே தோண்டிப் பொது மயானத்துக்குக் கொண்டுபோனேன். கீழ ஒண்ணு குறைஞ்சா எல்லாரும் ஒண்ணு தள்ளி எண்ண வேண்டாமா? உங்க ஆளு இப்போ கீழிருந்து ரெண்டாவது."

பாட்டனாரே, கீழிருந்து இரண்டாவதில் தாங்கள் கறுப்புக் கல் நட்டு, தங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறீர்கள். தங்கள் வீட்டாரும் கீழிருந்துதான் எண்ணுவார்களாம். நான் இரண்டு முறை கேட்டுவிட்டேன். பீங்கான் தகடு இருக்கும், தோண்டிப் பார்க்கலாம் என்கிறார் ஊர்த்தலைவர்.

ஆகையால் மேலே கேட்ட மன்னிப்புகள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், எண்ணிப் பார்த்து அனுப்பிவிடவும். ஆனாலும் இத்தனை வருடம் எங்கள் பெரியவருக்கு மாட்டிறைச்சியும் பழமுமாகப் படைத்திருக்கிறீர்கள். என்னிடம் இருந்திருந்தால் ஒரு காய்ந்த மீனோடு போயிருக்கும். அதற்கு நன்றி. வெள்ளிக்கிழமைக் கெடு விஷயத்தில் இனி நான் வாயைத் திறக்கமாட்டேன், விதியைத் தாங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. தங்கள் கொள்ளுத்தாத்தா அப்படியென்றால் முதலாவது மேடு, சாலையோரமாகக் கொடி மூடிக் கிடக்கிறதே, அதுதான். கேட்பாரில்லாத அநாதை மேடுதானே என்று நினைத்து, மலையேறுமுன் நான் முப்பத்தொரு வருடமாக ஒதுங்குவது அதன் பின்னால்தான். என் சுரப்பியின் நிலைமை மேலே எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை தாங்கள் வாருங்கள், மல்-சுன் சாப்பாடு கட்டிக்கொண்டு தானும் வருகிறாளாம், இப்போதுதான் வாய் திறந்து சொன்னாள். இயந்திரத்தை நான் கொண்டுவருகிறேன். புல் வெட்டி முடித்ததும் தங்கள் கொள்ளுத்தாத்தாவை முதலில் விழுந்து கும்பிட என்னை விடுங்கள், பாட்டனாரே. எனக்கு அவரிடம் பேசவேண்டியது நிறைய இருக்கிறது.