எதிர்வாசல்

"இடிச்சுடு" என்றார் சிங்காரவேலு.

வாசக்காலில் வைத்த மஞ்சள் குங்குமம்கூட இன்னும் காயவில்லை. பச்சமுத்து மேஸ்திரி கரணையும் கையுமாக விழித்தார்.

"மொதலாளி, காலையிலதான பூசை போட்டு நிறுத்துனோம்."

"எதிர்ல பாருய்யா."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா காஸ்பரும் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் பச்சமுத்துதான் மேஸ்திரி. அவர் வாசலும் இவர் வாசலும் நேருக்கு நேர் நின்றன. வாசலுக்கு வாசல் குத்தினால் குடும்பம் விளங்காது என்பது சிங்காரவேலுவின் சித்தாந்தம். செஞ்சிக் கடைத்தெருவில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டுக்கும் எதிர்வாசல் உண்டு. அதைச் சொன்னால், அது அப்பா கட்டியது என்பார்.

அந்த வீடு வேண்டாமென்றுதானே இத்தனை பாடு! பக்கத்து வீட்டுக்காரன் இருமினால் இங்கே தூக்கம் கெடும். அதனால்தான் திருவண்ணாமலை ரோட்டில் மனை வாங்கி, பங்களா தினுசில் நாலு பக்கமும் தோட்டம் விட்டு இதை எழுப்பினார். பழைய வீட்டைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வைகாசிக்குள் குடி போகாவிட்டால், ஆனியும் ஆடியும் தம்பி பெண்டாட்டி முகத்தில்தான் விழிக்க வேண்டும். அவள் இப்போதே தட்டை ணங்கென்று வைக்கிறாள்.

சுவரை உடைத்து வாசலை இடது பக்கம் தள்ளினார்கள். மறு வாரம் வந்து பார்த்தால் காஸ்பர் வாசலும் நகர்ந்து எதிரே நின்றது.

சிங்காரவேலுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வலது ஓரத்துக்கு மாற்றச் சொன்னார். இப்போது சமையலறைக்குள் புகுந்துதான் வீட்டுக்குள் போக முடியும். போகட்டும், குத்து ஒழிந்ததே என்று நிம்மதியாகப் படுத்தார். அந்த நிம்மதி ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தது. காஸ்பர் வாசலும் வலது ஓரத்துக்கு வந்துவிட்டது.

நடுரோட்டில் நின்று கத்தினார். கட்டை வண்டிகள் நின்று வேடிக்கை பார்த்தன. காஸ்பரும் லேசுப்பட்டவர் இல்லை.

"யோவ், எனக்கு மட்டும் ஆசையா? எங்க லில்லி இன்னா சொல்லுதோ அதைத்தான் மேஸ்திரி கட்டுறாரு. என் வாசலும் இப்ப அடுப்பங்கரையிலதான் இருக்குது."

பெண்டாட்டி மேல் பழி போடுகிற ஆம்பிளையோடு என்ன பேச்சு என்று சிங்காரவேலு திரும்பிவிட்டார். வாசலுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கும் மேலே மதில் எழுப்பச் சொன்னார். காற்று வராது என்று மேஸ்திரி சொன்னதற்குக் காற்றையும் நாலு வசவு வைதார். வேலையாட்களுக்கு மோர் கொண்டுவந்த சிங்காரவேலுவின் மனைவி உண்ணாமலை, மதிலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொம்பைக் கழுவப் போனாள்.

வைகாசி கடைசி முகூர்த்தம். பால் காய்ச்சப் பசுவும் கன்றுமாக வந்து இறங்கினார் சிங்காரவேலு. மதிலின் நடுவில், முகம் தெரிகிற உயரத்தில், புத்தம் புது ஜன்னல். அதன் வழியே காஸ்பர் வாசல் பளிச்சென்று தெரிந்தது.

அவர் பாய்ந்து போய் மேஸ்திரியின் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"என் குடும்பத்தைக் கெடுக்க அந்தக் காஸ்பர் உன்னை எத்தினி நாளா கையில போட்டிருக்கான்?"

பச்சமுத்து துண்டை விடுவித்துக்கொண்டார்.

"அவரு பாவம் மொதலாளி. நீங்க கடைக்குப் போயிட்டா இந்தக் காட்டுல பேச ஆளு வேணும்னு, லில்லியம்மாகிட்ட சொல்லி ஒவ்வொரு வாட்டியும் அந்த வாசலை நகர்த்த வச்சதும், இப்ப ஜன்னல் வைக்கச் சொன்னதும் நம்ம உண்ணாமலையம்மாதான்."