சம்பந்தி வீட்டுக் காரும் என் தகரக் காரும்

விழுப்புரம்,
வெகுதானிய வருஷம், புரட்டாசி 6

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி விருத்தாசலம் அவர்கள் சமுகத்திற்கு, ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற கோதண்டபாணி அநேக வந்தனங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மகளும் தங்கள் மருமகளுமான அம்சவள்ளியும் சௌக்கியம். மழை இன்னும் வரவில்லை. திண்டிவனத்தில் தாங்களும், சம்பந்தி அம்மாளும், தங்கள் தமக்கையார் அஞ்சம்மாளும், மாப்பிள்ளை நடராசனும், மல்லாட்டை மண்டியும் அதன் கடலை மூட்டைகளும் க்ஷேமம் என்று நம்புகிறேன். காரின் க்ஷேமத்தை மட்டும் விசாரிக்கத் தயக்கமாக இருக்கிறது. போன கடிதத்தில் விசாரித்ததற்கே தங்கள் வீட்டில் அதன் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதாகக் கேள்விப்பட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடிக்கு அழைத்து வந்த பெண்ணை ஆவணி பிறந்ததும் வந்து கூட்டிப் போவதுதான் வழக்கம். ஆவணி பிறந்தது, வளர்ந்தது, போயும் விட்டது. புரட்டாசியில் ஆறு தேதி ஆகிறது. தெருவில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்கிறார்கள். நானே ரயிலில் கொண்டுவந்து விடுகிறேன் என்று எழுதியதற்கு, கார் வைத்திருக்கும் வீட்டு மருமகள் ஆடி கழித்து ரயிலில் வந்து இறங்கினால் ஊர் சிரிக்கும், காரில்தான் வர வேண்டும் என்று பதில் போட்டீர்கள். சரி, காரை அனுப்புங்கள் என்றால், அதை விழுப்புரம் எல்லைக்குள் விட மாட்டோம் என்கிறீர்கள். நடுவில் என் பெண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் காரணம் நான் செய்த மாதிரிக் கார் என்று தாங்கள் நம்புவதால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எனக்குக் குடி, சீட்டாட்டம், கோர்ட்டு வழக்கு எதுவும் கிடையாது. உத்தியோகத்தை விட்ட பிறகு மோட்டார் கார்களை அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் சிறிதாகச் செய்து அலமாரியில் வைக்கிறேன், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் டின் தகரத்தில் உடம்பு, சைக்கிள் டியூப்பில் டயர், குடைத்துணியில் மேற்கூரை, டார்ச் பல்பில் விளக்கு. டாக்டர் கார், வக்கீல் கார், பாதிரியார் கார், திருவெண்ணெய்நல்லூர் பஸ் என்று ஆறு செய்து முடித்திருந்தேன். வைகாசியில் கல்யாணத்துக்குத் தங்கள் கறுப்புக் கார் என் வாசலில் வந்து நின்றது. எட்டாமல் இருந்த ஏழாவது தானாக வீடு தேடி வந்ததே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாரை வார்க்கும் நேரத்தில் பெண்ணின் தகப்பனாரைக் காணோம் என்று தேடி, தங்கள் காருக்கு அடியிலிருந்து என்னைக் காலைப் பிடித்து இழுத்தார்கள் அல்லவா, அப்போது நான் அதை நூலால் அளந்துகொண்டிருந்தேன். இரும்பு டேப்பு பட்டால் பெயிண்ட் கீறும் என்று தங்கள் டிரைவர் சின்னதுரைதான் தடுத்தான். ஆகவே நூல் பிடித்து, அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். கறுப்பிலும் பல கறுப்பு உண்டென்பதால் மட்கார்டுக்கு அடியில் நகக்கண் அளவு பெயிண்ட் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். முந்தின நாள் தூறலில் டயர் தடம் மண்ணில் அச்சாகப் பதிந்திருந்தது, அதைப் பார்த்து டியூப்பில் கோடு வெட்டலாமே என்று அந்த மண்ணை அப்படியே பெயர்த்து ஒரு வாழை இலையில் எடுத்துவைத்தேன். மாதிரியின் அடியில் எழுதுவதற்காக, கார் வாங்கிய தேதியையும் நேரத்தையும் சின்னதுரையிடம் கேட்டுக்கொண்டேன். இத்தனையையும் தங்கள் தமக்கையார் பந்தக்காலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். முடிச்சுப் போட்ட நூல், உடம்பில் சுரண்டினது, காலடி மண், பிறந்த நேரம் என்று அவர்கள் மனசில் அது வேறு விதமாகச் சேர்ந்திருக்கிறது. இப்போது யோசித்தால் அவர்கள் மேல் பெரிய தப்புச் சொல்ல முடியவில்லை.

அதோடு விட்டிருந்தால் மறந்துபோயிருப்பார்கள். கெடுத்தது என் கைதான், எழுதுகிற கை. ஆடி மூன்றாம் தேதி பூனை தள்ளி மாதிரியின் இடது விளக்கு உடைந்தது. மனவருத்தத்தில் அதைத் தங்களுக்கு ஒரு கார்டில் எழுதினேன். அந்தக் கார்டு தங்கள் கைக்கு வந்த அன்று வல்லம் போகும் வழியில் ஓர் எருமை தங்கள் காரின் இடது விளக்கை முட்டி உடைத்திருந்தது. எருமைக்கும் பூனைக்கும் கடிதப் போக்குவரத்து கிடையாது என்று அப்போதே எழுதியிருக்கலாம். நானோ, அச்சு சரியில்லாததால் பின்சக்கரத்தைக் கழற்றியிருக்கிறேன் என்று அடுத்த கார்டைப் போட்டேன். அந்த வாரம் தாங்கள் குடும்பத்தோடு திருவெண்ணெய்நல்லூர் போய், பெண்ணையாற்று மணலில் பின்சக்கரம் புதைந்து, நாலு ஜோடி மாடு கட்டி இழுத்தீர்களாம். உடனே தங்கள் தமக்கையார் முகையூர்ப் பக்கம் குறி கேட்கப் போனார்கள். யாரோ பாவை செய்து அலமாரியில் வைத்திருக்கிறார்கள், அசலும் நகலும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்று அங்கே சொன்னார்களாம். அலமாரி என்று எப்படிச் சரியாகச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு தங்கள் கட்டளைப்படி சின்னதுரை ரயிலில் வந்து, மாதிரியை உடைத்துப் போடச் சொன்னதாகச் சொன்னான். சரி, உடைக்கிறேன், உடைத்தால் அங்கே என்ன ஆகும் என்று கேட்டேன். அவன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் அடுத்த வண்டியில் திரும்பிப் போய்விட்டான். மூன்றாம் நாள் வந்து, உடைக்க வேண்டாம், தொட வேண்டாம், தூசிகூடத் தட்ட வேண்டாம் என்றான். அதற்கடுத்த வாரம் தங்களுக்குத் தெரியாமல் சொந்தக் காரியமாக வந்தான். அலமாரிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று மெதுவாகக் கேட்டான்:

"அய்யா, ஒங்க வண்டியில பிரேக்கு எங்கங்க வச்சிருக்கீங்க?"

"இது ஒரு அடி நீளம், அலமாரியில நின்னுகினு இருக்குது. இதுக்கு எதுக்குடா பிரேக்கு?"

"பிரேக்கே வைக்கலீங்களா? அப்ப நான் பத்து நாளா எதங்க அமுக்கிக்கினு இருக்கேன்?"

அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. குடைக்கம்பியை வளைத்து ஒரு பிரேக்கு செய்து மாட்டினேன். அதே நாள் திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் அசல் பிரேக்கை முறுக்கிக் கொடுத்தானாம். சின்னதுரை மெக்கானிக்குக்கு ஒரு கும்பிடு போட்டான், எனக்குத் தேங்காய் பழம் அனுப்பினான். அதிலிருந்து வாரம் ஒரு கார்டு வருகிறது. ஹாரன் கம்முகிறது, கொஞ்சம் பாருங்க அய்யா. கியர் பேஜாரு பண்ணுது, ஜல்தியா கவனிங்க அய்யா. தங்கள் வீட்டில் யாரும் தொடக் கூடாது என்கிறீர்கள், தங்கள் டிரைவர் தொடு தொடு என்கிறான், நான் யார் சொல்வதைக் கேட்பது?

சம்பந்தி அவர்களே, நான் கணக்குப் பார்த்துப் பழகினவன், கணக்காகவே சொல்கிறேன். திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸின் மாதிரி ஒரு வருஷமாகச் சக்கரமே இல்லாமல் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அசல் பஸ் தினமும் கூரை மேல் ஆளை ஏற்றிக்கொண்டு போய் வருகிறது. வக்கீல் கார் மாதிரியின் மேல் துணி வெளுக்கிறவர் மூட்டையை வைத்துவிட்டார், அது அப்பளமாகிவிட்டது. அசலில் வக்கீல் நேற்றுகூடக் கோர்ட்டுக்குப் போனார், ஜெயிக்கவும் செய்தார். ஆகையால் தகரத்துக்கும் காருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, சம்பந்தம் நமக்குள்தான். அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்று அம்சவள்ளி என் முன்னால் வந்து நின்று, "நைனா, நீங்க செஞ்ச வண்டியாலதான் என் வண்டி கிளம்பாம நிக்குது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அவமானமாக இருந்தது. அன்றைக்கே மாதிரியை வேட்டியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவியை இத்துடன் அனுப்புகிறேன், தங்கள் தமக்கையார் கையிலேயே இருக்கட்டும். இனி ஜன்மத்தில் அதைத் தொட மாட்டேன், இது சத்தியம். தயவு செய்து காரை அனுப்பிப் பெண்ணை அழைத்துக்கொள்ளுங்கள். அவள் தன் புருஷன் வீட்டில் இருப்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது.

சம்பந்தி அம்மாளுக்கு என் நமஸ்காரம். தமக்கையார் அஞ்சம்மாளுக்கு இரண்டு நமஸ்காரம். மாப்பிள்ளைக்குச் சகல மங்களமும் உண்டாக ஆசீர்வாதம். சின்னதுரையை நான் விசாரித்ததாகச் சொல்லவும், ஹாரன் விஷயம் தாங்கள் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
கோதண்டபாணி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மை உலரவில்லை, தெருவில் ஹாரன் சத்தம். மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தாங்கள் மண்டியில் இருக்கும்போது சொல்லாமல் கிளம்பினாராம், கோபிக்க வேண்டாம். அம்சவள்ளி அடுப்பில் குழம்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். இப்போது உள்ளே அவருக்கு இலை போட்டுச் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். சாப்பிட்டதும் கிளம்புகிறார்கள். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அவள் பெட்டியில் புடவை அடுக்குவதைப் பார்த்தேன், அங்கே நிற்க முடியவில்லை. அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்கு எதிர்ப்பேச்சுப் பேச இருப்பது அவள் ஒருத்திதான். சாவியை அனுப்பவில்லை, மன்னிக்கவும். பெட்டியைத் திறந்து, முன்சக்கரம் ஒன்றை, ஒன்றே ஒன்றைத்தான், கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். மேலே எழுதியபடி இதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் வந்து சேர இரண்டு நாள் தாமதமானால் தாங்கள் கவலைப்பட வேண்டாம். கடிதத்தைக் கொடுங்கள், காரிலேயே கொண்டுபோகிறேன் என்று மாப்பிள்ளை கேட்டார். சீக்கிரம் வந்து சேர வேண்டிய கடிதம் என்பதால் தபாலில் போடுகிறேன்.